அங்குஸ்தான்களை வீட்டில் காட்சிக்கு வைக்கும் முறை

கையால் தைப்பவர் ஊசியின் காதுப்புறத்தைத் தள்ளும் விரலுக்குக் காப்பாக அணியும் சிறு உறையே அங்குஸ்தான். தையற்காரர் அணிவது மேற்புறம் திறந்த வளையம். மேல்நாட்டு இல்லங்களில் பெண்கள் அணிந்ததோ பெரும்பாலும் முனை மூடிய, சிறு கிண்ணம் போன்ற வடிவுடையது. தறியிலிருந்து இறங்கும் துணி சட்டையாக உருவெடுப்பதற்கு இடையே இதன் உழைப்பும் இருந்து வந்தமையால், நம் அங்கத்தினருக்கு இது முற்றிலும் அந்நியமான பொருள் அன்று.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றைச் சேகரித்து வைப்போர் பலர். ஜெர்மனியிலுள்ள கிரெக்லிங்கன் என்னும் சிற்றூரில் 1982-ம் ஆண்டில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. நூரெம்பர்க் நகரத்துப் பித்தளை, மெய்ஸன் ஆலையின் சித்திரப் பீங்கான், இங்கிலாந்தின் முத்திரையிட்ட வெள்ளி ஆகியவை சேகரிப்போரிடையே பேர் பெற்றவை. வெறும் வெள்ளி மென்மையானது. நாளடைவில் ஊசி அதைத் துளைத்துவிடும். இக்குறையை நீக்க, ஹாலிபாக்ஸ் நகரத்துச் சார்லஸ் ஹார்னர் என்பார் வெள்ளித் தகடுகளின் நடுவே எஃகைப் பொதிந்து செய்யும் முறைக்கு 1884-ம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

இவ்வளவும் சொல்லக் காரணம் உண்டு. அங்குஸ்தானின் வரலாறு கடுகளவான அடையாளங்களிலே அடங்கியிருக்கிறது: விளிம்பிலுள்ள முத்திரை, ஊசி நழுவாதிருக்க இட்ட குழிகளின் ஒழுங்கு, தேய்ந்து விழுந்த ஓட்டை. நூறு உருப்படிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தட்டில் நெருக்கி வைத்தால் இவற்றில் எதுவும் கண்ணிற்படாது. பார்ப்பவர் எண்ணிக்கையைக் கண்டு வியந்து போய்விடுவார், அவ்வளவே. ஆகவே ஒன்றுக்கு ஓர் அறை, ஒரே வரிசை, எளிதில் கையிலெடுக்கும் வசதி என்னும் மூன்றும் அவசியம்.

அங்குஸ்தானின் உயரம் ஏறத்தாழ 2 முதல் 2½ சென்டிமீட்டர். அறை 4 சென்டிமீட்டர் உயரமும் அகலமும் உடையதாயின் விரல் நுழைந்து எடுக்கும். ஆழம் 3 சென்டிமீட்டர் போதும். கூடினால் நிழல் விழும். ஒவ்வோர் அறையிலும் ஒரு சிறு மரமுளையை நட்டு அதன்மேல் கவிழ்த்தால், கதவை அடிக்கும்போது உருண்டு விழாது.

ஈய எழுத்துகளைக் கோக்கும் வழக்கம் அருகியபின், அச்சுக்கூடங்களில் எழுத்துகளை வைத்திருந்த பழைய மரத்தட்டுகளைச் சுவரில் மாட்டி இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் அறைகள் ஒரே அளவினவல்ல. மேலும் மூலைகளில் ஈயத்தூள் படிந்திருக்கும், அது நஞ்சு. உலர்ந்த துடைப்பத்தால் தட்டாமல், ஈரத்துணியால் பலமுறை துடைத்து, கைகளை நன்கு கழுவுதல் வேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது.

பேழையே பொருளுக்குப் பகையாவதும் உண்டு. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். கம்பளித் துணியிலும் ரப்பரிலும் அது கலந்திருப்பதால் அவற்றை அடியில் விரிப்பது தவறு. நம் தறியில் நெய்த, சாயமேற்றாத பருத்தித் துணியே இதற்கு ஏற்றது. பாவுக்கு இட்ட கஞ்சி முழுதும் போகும்படி வெளுத்த பின்னரே விரிக்க வேண்டும், இல்லையேல் கஞ்சியை நாடிப் பூச்சி வரும். புதிதாக வண்ணம் பூசிய பேழையைச் சில வாரங்கள் திறந்தே காயவிடுக. ஓக் மரத்தின் ஆவி ஈயக்கலப்புள்ளவற்றை அரிக்கும். பழைய செல்லுலாய்டு உருப்படிகள் நாட்பட அழிந்து, அருகிலுள்ள உலோகத்தையும் கெடுப்பவை. அவற்றைத் தனியே வைத்தல் நலம். வெயில் நேரே படும் சுவரும், அடுப்புப் புகை எட்டும் இடமும் உதவா. கண்ணாடிக் கதவு தூசியைத் தடுக்கும்.

மெருகிடுவதில் ஆவல் மிகுதல் கூடாது. ஒவ்வொரு முறையும் சிறிது வெள்ளி தேய்ந்து போகிறது. முத்திரை மறைந்தபின் அதை மீட்க வழியில்லை.

எதை நடுவில் வைப்பது? பலரும் பளபளக்கும் பீங்கானையே கண்மட்டத்தில் வைக்கின்றனர். என் கருத்து வேறு. வீட்டிலே ஒரு பாட்டி அணிந்து தேய்த்து ஓட்டை விழுந்த பித்தளை ஒன்று இருக்குமாயின், அதுவே அவ்விடத்துக்கு உரியது. சித்திரம் எழுதிய பீங்கானில் பல, ஊசியைத் தொடாமலே அலமாரி ஏறியவை.

ஆனால் அந்தப் பித்தளை யாருடையது என்பதை அதுவே சொல்லாது. சங்கத்திற்குப் பேரேடு போல இதற்கும் ஒரு குறிப்பேடு தேவை. உருப்படியின் மீது எதுவும் எழுதாமல், எண்ணிட்ட சிறு காகிதத்தை உள்ளே சுருட்டி வைத்து, அதே எண்ணின் கீழ் உலோகம், முத்திரை, கிடைத்த நாள், அணிந்தவர் பெயர் ஆகியவற்றைப் பதிக. அணிந்தவரை அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கடைசிப் பத்தியை நிரப்பிவிட வேண்டும்.