முதுகு ஏன் கோணுகிறது?

கனமான வாளியைக் குனிந்து தூக்கிய ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். மறுநாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடக்கிறார். "வட்டு நழுவிவிட்டது" என்கிறார்கள். உண்மையில் நழுவியதா? பார்ப்போம்.

நம் இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, சற்றே முன்னோக்கி வளைந்து அமைந்துள்ளன. அவற்றிடையே மெத்தைபோல் வட்டுகள் உள்ளன. வட்டின் நடுவே நீர் மிகுந்த கூழ். சுற்றிலும் வெங்காயம்போல் அடுக்கடுக்கான நார்வளையம். இவ்வளையம் எலும்புகளோடு இறுகப் பிணைந்திருப்பதால் வட்டு நழுவ வழியில்லை.

நெம்புகோல் கணக்கு

வட்டின் மையத்தை ஆதாரப்புள்ளி எனக் கொள்ளுங்கள். முதுகுத்தசை அதற்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தொலைவில் இழுக்கிறது. 15 கிலோகிராம் வாளி 40 செ.மீ. முன்னால் இருந்தால், திருப்புத்திறன்களைச் சமன்செய்யத் தேவையான இழுவிசை 15 × 40 ÷ 5 = 120 கிலோகிராம் எடை! உடலின் எடையை இதில் சேர்க்கவில்லை. இந்த இழுவிசையும் வட்டையே அழுத்துகிறது. வாளியை 20 செ.மீ. தொலைவுக்கு நெருக்கினால் 60 கிலோகிராம் எடை போதும்.

வட்டு பிதுங்கினால்

வயதாலோ ஓயாத சுமையாலோ நைந்த நார்வளையம் கிழிந்தால், கூழ் பின்புறமாகப் பிதுங்குகிறது. பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளில்தான் இது நிகழ்கிறது. அங்கே காலுக்குச் செல்லும் நரம்பின் வேர் அழுத்தப்படுவதால் வலி பாதம்வரை பாய்கிறது. இத்தொடர்பை 1934-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் ஆகியோர் விளக்கினர்.

வலி கண்டதும் தசைகள் தாமே இறுகுகின்றன. இடுப்பின் இயல்பான வளைவு தட்டையாகிறது. நரம்பின் மீது அழுத்தம் குறையும் பக்கமாக உடல் சாய்கிறது. ஆகவே இக்கோணல், எலும்பு இடம் பெயர்ந்ததால் வந்ததன்று. நரம்பைக் காக்க உடல் செய்யும் ஏற்பாடு. வலி தணிந்தால் பெரும்பாலும் கோணலும் மறையும். நாளடைவில் வட்டின் உயரம் குறைந்தால் மட்டும், மேலுள்ள எலும்பு சற்றுத் தாழ்ந்து, பின்புற மூட்டுகளில் பளு கூடும்.

எனவே எலும்பைத் தட்டி நேராக்குகிறேன் என்பவரிடம் முதுகைக் கொடுக்கலாகாது. பலருக்குப் பிதுங்கிய பகுதி சில மாதங்களில் தானே சுருங்கிவிடுகிறது. ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு போனாலோ உடனே மருத்துவமனை செல்லவேண்டும். தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகப் பழுதாகலாம்.

செய்து பாருங்கள்

காலையில் எழுந்தவுடனும் இரவிலும் உங்கள் உயரத்தை அளந்து பாருங்கள். இரவில் ஏறத்தாழ 1 செ.மீ. குறைந்திருக்கும். பகலில் அழுத்தத்தால் நீரை இழக்கும் வட்டுகள், நீங்கள் உறங்கும்போது அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன.