திடீர் சிசேரியன் வந்தால்… ஏழாம் மாதத்திலேயே பேசி வைப்போம்



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு, மூத்த உறுப்பினர் ஒருவர் தன் வீட்டில் நடந்ததைச் சொன்னார்.

அவருடைய மருமகளுக்கு முதல் பிரசவம். ராத்திரி வலி வந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்தார்கள். விடியற்காலையில் 108 வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா பார்த்துவிட்டு, "குழந்தையோட இதயத் துடிப்பு குறையுது, உடனே ஆபரேஷன் பண்ணணும், கையெழுத்துப் போடுங்க" என்றார். மகன் திருப்பூரில் வேலையில் இருந்தான். "அவனைக் கேக்காம நான் எப்படிப் போடறது?" என்று மாமியார் போன் மேல் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. அரை மணி நேரம் ஓடிவிட்டது. கடைசியில் அந்த மருமகளே, "பேப்பரைக் குடுங்க, நானே போடறேன்" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

தாயும் சேயும் நலம். ஆனால் அந்த அம்மா எங்களிடம் சொன்னது இதுதான்: "சீமந்தத்துக்கு எத்தனை வகைச் சோறுன்னு ஒரு வாரம் பேசினோம். இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே!"

அதைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

யாருக்கு வரும்?

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். இதில் சிலது முன்கூட்டியே நாள் குறித்துச் செய்வது. சிலது வலி வந்த பிறகு திடீரென்று முடிவாவது. பத்து மாதமும் எல்லாம் சரியாக இருந்த பெண்ணுக்கும் இப்படி வரலாம்.

காரணங்கள் பல:

- குழந்தையின் இதயத் துடிப்பு குறைவது.
- பல மணி நேரம் வலி இருந்தும் கர்ப்பப்பை வாய் திறக்காமல் நிற்பது.
- குழந்தை குறுக்காகத் திரும்பியிருப்பது.
- குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கிவிடுவது.
- நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து ரத்தம் போவது.
- தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது.

இதில் எதுவும் அந்தப் பெண் செய்த தப்பு இல்லை. "வலி தாங்க மாட்டாம கிழிச்சுக்கிட்டா", "குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சிருந்தா சுகப்பிரசவம் ஆகியிருக்கும்" என்று பேசுவதை நம் குழுவிலிருந்தே நிறுத்துவோம். வயிற்றில் தையலோடு படுத்திருப்பவளுக்கு அந்தச் சொல் இன்னொரு காயம்.

கையெழுத்து யார் போடுவது?

18 வயது நிறைந்த, நினைவோடு இருக்கும் பெண் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் கொடுக்கலாம். கணவன் கையெழுத்து இருந்தால்தான் ஆபரேஷன் என்று சட்டம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கூட இருப்பவரின் கையெழுத்தையும் கேட்பது வழக்கம். அதனால் ஏழாம் மாதத்திலேயே கணவன், மாமியார், அம்மா எல்லோரும் உட்கார்ந்து, "அவசரம்னா கூட இருக்கிறவங்க போடலாம், யாரையும் கேட்டுக் காத்திருக்க வேண்டாம்" என்று பேசி முடித்துவிட வேண்டும். நல்ல நேரம், ராகு காலம் பார்ப்பதையும் அப்போதே பேசித் தீர்த்துவிடுங்கள். மூச்சுத் திணறும் குழந்தைக்கு எமகண்டம் தெரியாது.

கையெழுத்துக்கு முன் கேள்வி கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. மூன்று கேள்வி போதும்: "எதனால ஆபரேஷன்? இப்பவே செய்யணுமா, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா? பொறுத்தா என்ன ஆபத்து?" தனியார் ஆஸ்பத்திரியிலும் தயங்காமல் கேளுங்கள். டாக்டர் "இப்பவே" என்று காரணம் சொல்லிவிட்டால், அதற்கு மேல் நேரம் கடத்த வேண்டாம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

1. எந்த ஆஸ்பத்திரி? நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆபரேஷன் வசதி இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வையுங்கள். 24 மணி நேரமும் சிசேரியன் செய்யும் சீமாங்க் மையங்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், சில வட்ட மருத்துவமனைகளிலும் இருக்கின்றன.

2. வண்டி. 108க்கு போன் செய்தால் இலவசமாக வரும். உங்கள் வீட்டுக்கு வழி சொல்ல ஓர் அடையாளம் (கோயில், தண்ணீர் தொட்டி, பள்ளிக்கூடம்) எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். மழைக்காலத்தில் வண்டி வராத பாதை என்றால், மெயின் ரோடு வரை கொண்டுபோக ஒரு ஆட்டோக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

3. ரத்தம். ரத்தப் பிரிவைத் தாய்-சேய் அட்டையில் பார்த்து மனப்பாடம் செய்யுங்கள். கர்ப்பிணிக்கு ரத்த அளவு 11க்குக் குறைந்தால் ரத்தசோகை. அப்படிப்பட்டவருக்கு ஆபரேஷனில் ரத்தம் போனால் ஆபத்து அதிகம். இரும்புச்சத்து மாத்திரையை ஒளித்து வைக்காமல் சாப்பிடுவதே முதல் ஏற்பாடு. ரத்தம் கொடுக்கத் தயாராக உள்ள இரண்டு பேரின் பெயரையும் எழுதி வையுங்கள்.

4. கூட யார்? ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி இருக்க இரண்டு பெண்கள். வீட்டில் மூத்த குழந்தையையும் ஆடு மாட்டையும் பார்க்க ஒருவர். சிசேரியன் என்றால் ஒரு வாரம் வரை ஆகலாம் என்று கணக்குப் போடுங்கள்.

5. பை. தாய்-சேய் அட்டை, ஆர்.சி.எச். எண், ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், வங்கிப் புத்தகம், முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு, துவைத்த பருத்தித் துணிகள், நாப்கின், போன் சார்ஜர். நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும்.

பணம்

2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், தாய்க்குச் சாப்பாடு, வீடு திரும்ப வண்டி எல்லாம் இலவசம். தமிழ்நாட்டில் வீட்டுக்குத் திரும்ப 102 வண்டி உண்டு. ஆனாலும் கூட இருப்பவர் சாப்பாடு, பஸ் செலவு, விட்டுப்போன கூலி என்று கைக்காசு கரையும். மேலே சொன்ன வீட்டில் அந்த விடியற்காலையில் 5,000 ரூபாயைக் கந்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள். அவர் குழுவின் கணக்கிலேயே அதைவிட அதிகப் பணம் இருந்தது! வங்கி திறக்கும் நேரம் அது இல்லை. தீர்மானமும் இல்லை.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஆனால் அது தவணையாக வருவது. அந்த ராத்திரிச் செலவுக்கு அதை நம்பியிருக்க முடியாது. ஆகவே குழுவில் கர்ப்பிணி இருந்தால், ஏழாம் மாதக் கூட்டத்திலேயே பிரசவ அவசர உள்கடனுக்குத் தீர்மானம் எழுதி, ஒன்பதாம் மாதம் பணத்தை அவர் கையில் கொடுத்துவிடலாம். செலவாகாவிட்டால் அப்படியே திருப்பிக் கட்டட்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். தாய் விழித்திருப்பார், குழந்தை அழுவதைக் கேட்பார். சிசேரியன் ஆனாலும் தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கலாம். செவிலியரிடம் உதவி கேளுங்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம்.

"தண்ணி குடிச்சா புண் சீழ் வைக்கும்" என்பது தவறு. டாக்டர் அனுமதித்த பிறகு தண்ணீர், கீரை, பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம். அப்போதுதான் புண் ஆறும், பால் சுரக்கும். செவிலியர் சொன்னதும் எழுந்து மெல்ல நடக்க வேண்டும். 6 வாரத்துக்குக் குழந்தையின் எடைக்கு மேல் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் வீட்டு ஆண்கள் தூக்கட்டும்.

காய்ச்சல், தையலில் சீழ், நாற்றமுள்ள கசிவு, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், கடுமையான தலைவலி: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 2 வருட இடைவெளி விடுங்கள். அடுத்தது சுகப்பிரசவமாகவும் ஆகலாம். அதை டாக்டர் பார்த்துச் சொல்வார். ஆனால் ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் கலந்து பேச

- நம் குழுவில், நம் வீடுகளில் இப்போது கர்ப்பிணிகள் யார்? எத்தனையாவது மாதம்?
- அவசரத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று அந்த வீட்டில் பேசியாயிற்றா?
- ரத்தம் கொடுக்க நம் தெருவில் யார் தயார்?
- பிரசவ அவசரக் கடனுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். சகோதரிகளே, சுகப்பிரசவம் ஆகட்டும் என்று வேண்டிக்கொள்வோம். ஆகாவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே பேசி வைப்போம். அபசகுனம் என்று பயப்பட வேண்டாம். குடை எடுத்துப் போனதால் யாருக்கும் மழை வந்ததில்லை.