ஜூலையில் வாங்கிய பிட்சர்: லாபமா, நட்டமா?

ஜூலை மாதக் கடைசியில் அமெரிக்க பேஸ்பாலில் வீரர் சந்தை சூடுபிடிக்கும். பட்டத்தின் மேல் கண் வைத்த அணிகள் ஆட்டத்தின் நடுவில் இறங்கி வீசும் ரிலீஃப் பிட்சர்களைத் தேடி அலையும். நம்பிக்கை போன அணிகள் அவர்களைக் கொடுத்துவிட்டு மைனர் லீக் இளைஞர்களை வாங்கிப் போட்டுக்கொள்ளும். பருவம் முடிந்ததும் ரசிகர்களிடையே வழக்கு தொடங்கும்: அந்த டிரேடு தேறியதா? கோப்பை வந்தால் தேறியது, வராவிட்டால் இல்லை என்று தீர்ப்பெழுதுகிறவர்களே அதிகம். இப்படிக் கணக்குப் பார்த்தால் நீங்கள் தவறாகத்தான் முடிப்பீர்கள்.

2016-ஐப் பாருங்கள். நியூயார்க் யாங்கீஸ் ஒரே வாரத்தில் இரண்டு ரிலீஃப் பிட்சர்களைக் கைமாற்றியது. ஆரோல்டிஸ் சாப்மன் ஜூலை 25 அன்று சிகாகோ கப்ஸுக்குப் போனார். ஆண்ட்ரூ மில்லர் ஜூலை 31 அன்று கிளீவ்லாந்துக்குப் போனார். வாங்கிய இரண்டு அணிகளும் அந்த வருட இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் நேருக்கு நேர் மோதின. டிரேடை எடைபோடப் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

முதலில் எல்லோரும் பார்ப்பது ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சரின் கணக்கில் ஏறும் ரன்களின் சராசரி. கப்ஸுக்காக லீக் ஆட்டங்களில் சாப்மனின் ஈ.ஆர்.ஏ. 1.01. பிரமாதம்தான். ஆனால் அவர் வீசியது 26⅔ இன்னிங்ஸ், கணக்கில் ஏறியது மூன்றே ரன். ஒரே ஒரு மோசமான மாலையில் இன்னும் மூன்று ரன் போயிருந்தால் அந்த எண் இரட்டிப்பாகியிருக்கும். ஆகவே இரண்டு மாத ஈ.ஆர்.ஏ.வை வைத்து யாரையும் புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஸ்டிரைக் அவுட்டையும் வாக்கையும் பாருங்கள்: 46 ஸ்டிரைக் அவுட், 10 வாக். இவற்றில் ஃபீல்டர்களின் கையோ அதிர்ஷ்டமோ அதிகம் நுழையாது.

அடுத்துக் கேட்க வேண்டியது, அவரை எதற்காக வாங்கினார்கள் என்பது. கப்ஸ் அந்த வருடம் 103 ஆட்டங்கள் வென்ற அணி. சாப்மன் இல்லாமலும் பிளேஆஃபுக்குப் போயிருக்கும். அவர் காப்பாற்றிக் கொடுத்த 16 சேவ்களுக்காக யாரும் அந்த விலை கொடுக்கவில்லை. டி20 ஆட்டத்தில் கடைசி ஓவர்களுக்கென்றே ஒரு பந்துவீச்சாளரை வைத்திருப்பதுபோல, அக்டோபர் பிளேஆஃபுக்கென்றே வாங்கப்பட்டவர் அவர். எனவே அக்டோபரில் எந்த நெருக்கடியில் இறங்கினார், இறங்கியபோது அணியின் வெற்றி வாய்ப்பு எவ்வளவு, போகும்போது எவ்வளவு என்று பாருங்கள்.

ஸ்கோர் அட்டை இங்கேதான் ஏமாற்றும். வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், முதல் பேஸில் ஒருவர், கப்ஸ் 6-3 என்று முன்னிலை. சாப்மன் வந்தார். பிராண்டன் கையர் அடித்த டபுளில் முதல் பேஸில் இருந்தவர் வீடு சேர்ந்தார். அந்த ரன் முந்தைய பிட்சர் ஜான் லெஸ்டர் கணக்கில் போனது. அடுத்து ராஜாய் டேவிஸின் ஹோம்ரன், ஸ்கோர் 6-6. சாப்மன் ஒன்பதாவது இன்னிங்ஸைச் சுத்தமாக முடித்தார். பத்தாவதில் கப்ஸ் இரண்டு ரன் எடுத்து 8-7 என்று வென்றது. முன்னிலையைக் கோட்டைவிட்ட அவர் பெயரில்தான் அந்த வெற்றி பதிவாகியிருக்கிறது! கடைசி அவுட்டை எடுத்தவர் மைக் மான்ட்கோமரி. அவரும் அதே ஜூலையில் சியாட்டிலிலிருந்து சத்தமில்லாமல் வாங்கப்பட்டவர்.

ஆனால் டிரேடையும், வாங்கிய ஆளைப் பயன்படுத்திய விதத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐந்தாவது ஆட்டத்தில் சாப்மன் எட்டு அவுட் எடுத்தார். அது இல்லையென்றால் ஏழாவது ஆட்டமே கிடையாது. ஆறாவதில் ஐந்து ரன் முன்னிலை இருந்தும் மேலாளர் ஜோ மேடன் அவரை மறுபடி இறக்கினார். மறுநாள் களைத்த கையோடு அவர் வந்ததற்கு டிரேடு செய்தவர் என்ன செய்வார்?

இனி விலை. சாப்மனுக்காகப் போன நால்வரில் கிளேபர் டோரஸ் 2018, 2019 இரண்டு வருடமும் ஆல்ஸ்டார் ஆனார். 2019-இல் 38 ஹோம்ரன். சாப்மனோ ஒப்பந்தம் முடிந்து அந்த டிசம்பரிலேயே யாங்கீஸுக்குத் திரும்பிவிட்டார். மில்லரின் ஒப்பந்தம் 2018 வரை இருந்தது. 2016 பிளேஆஃபில் 19⅓ இன்னிங்ஸ், 30 ஸ்டிரைக் அவுட், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் நாயகன் விருது, 2017-லும் அசத்தினார். அவருக்காகக் கொடுத்த கிளின்ட் ஃபிரேசர் சொன்ன அளவுக்கு வரவில்லை. கோப்பையை இழந்த கிளீவ்லாந்து செய்ததே சிறந்த வியாபாரம் என்பது என் கணக்கு.

எல்லாவற்றையும் எண்ணில் அடக்க முடியாது என்பதும் உண்மை. குடும்ப வன்முறை விதியின் கீழ் 30 ஆட்டத் தடை பெற்று அந்தப் பருவத்தைத் தொடங்கியவர் சாப்மன். அவர் வந்ததில் மனம் கசந்த கப்ஸ் ரசிகர்களும் உண்டு. அந்தச் செலவை உங்கள் கணக்கில் எந்த இடத்தில் எழுதுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

உண்மையான நட்டம் பார்க்க வேண்டுமா? 1990 ஆகஸ்ட். பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஹூஸ்டனிடமிருந்து ரிலீஃப் பிட்சர் லாரி ஆண்டர்சனை வாங்கியது. 22 இன்னிங்ஸ் அருமையாக வீசினார். அணி பிளேஆஃபுக்குப் போய் ஓக்லாந்திடம் நான்கு ஆட்டமும் தோற்றது. ஆண்டர்சனும் வேறு அணிக்குப் போனார். பதிலுக்கு ஹூஸ்டன் பெற்ற ஜெஃப் பேக்வெல் 449 ஹோம்ரன் அடித்து 2017-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.

அடுத்த ஜூலையில் உங்கள் அணி ஒரு ரிலீஃப் பிட்சரை வாங்கினால், அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எதற்காக வாங்குகிறார்கள், எத்தனை வருடம் கையில் இருப்பார், கொடுக்கும் இளைஞருக்கு அணியில் இடம் இருந்ததா. வாங்கியவரைப் பற்றிய தீர்ப்பை நவம்பரில் சொல்லலாம். கொடுத்த இளைஞர்களைப் பற்றிச் சொல்ல மூன்று வருடமாவது பொறுங்கள். 108 வருடம் கோப்பைக்குக் காத்திருந்த கப்ஸைப் பொறுத்தவரை, விலை அதிகம்தான். ஆனால் டிரேடு தேறியது.