பெரகல சந்தியில் பஸ் ஏறும் பிள்ளை: நாம் கவனிக்க வேண்டியவை

பெரகல சந்தியில் மூன்று பாதைகள் கூடுகின்றன. ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை ஊடாகப் பதுளைப் பக்கம் போகிறது. இன்னொன்று கொஸ்லந்தை ஊடாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. மற்றது பலாங்கொடை, இரத்தினபுரி ஊடாகக் கொழும்புக்குப் போகிறது. தோட்டத்திலிருந்து "வேலைக்கு" என்று அழைத்துச் செல்லப்படும் பிள்ளை பெரும்பாலும் இப்படியொரு சந்தியில்தான் பஸ் மாறுகிறது. அந்த நேரத்தில் பிள்ளையை அருகில் பார்ப்பவர்கள் முச்சக்கரவண்டிச் சாரதியும் பஸ் நடத்துநரும்தான். உங்கள் குடும்பத்திலும் ஒருவர் அந்தத் தொழிலில் இருக்கலாம்.

மனித வியாபாரம் என்றால் என்ன?

ஒருவரை ஏமாற்றி, மிரட்டி அல்லது கடனில் சிக்கவைத்துக் கொண்டுபோய், அவருடைய உழைப்பையோ உடலையோ சுரண்டுவதே மனித வியாபாரம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை "நான் விரும்பித்தான் போகிறேன்" என்று சொன்னாலும் அது குற்றமே. 2006இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவைப்படி இதற்கு 20 வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவரை வீட்டு வேலைக்கு வைப்பதும் இன்று சட்டவிரோதம்.

நமக்கு ஏன் ஆபத்து அதிகம்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, லயங்கள் ஒரே காலையில் புதைந்துபோனதை இந்தப் பகுதி அறியும். வீடும் வருமானமும் பத்திரங்களும் இழந்த குடும்பத்திடம் தரகர் முற்பணத்தோடு வருவார். "பிள்ளையை நல்ல வீட்டில் விடுகிறேன்" என்பார். 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்ற 16 வயது மலையகச் சிறுமி ஒருவர் தீக்காயங்களால் உயிரிழந்தார். அந்தத் துயரம் நமக்கு மறக்கக்கூடாத பாடம்.

சாரதியும் நடத்துநரும் கவனிக்க வேண்டியவை

- கேட்கும் கேள்விக்கெல்லாம் பிள்ளைக்குப் பதிலாக உடன் வருபவரே பதில் சொல்வது.
- போகும் ஊரோ உடன் வருபவரின் பெயரோ பிள்ளைக்குத் தெரியாதிருப்பது.
- பிள்ளையின் அடையாள அட்டையையும் தொலைபேசியையும் மற்றவர் வைத்திருப்பது.
- பாடசாலை நாளில் பல பிள்ளைகளை ஒரே ஆள் அழைத்துச் செல்வது.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி என்று முடிவு செய்யாதீர்கள். "எங்கே இறங்கணும் மகள்? அங்கே யார் இருக்காங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். சந்தேகம் தீரவில்லையா? சண்டை பிடிக்க வேண்டாம். படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். பஸ் இலக்கம், ஏறிய இடம், இறங்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு 1929க்கு (சிறுவர் உதவி) அல்லது 119க்கு (பொலிஸ்) அழையுங்கள்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதில்தான் உண்மையான வயது இருக்கிறது. வெளிநாட்டு வேலை என்று யாராவது வந்தால், பணமோ கடவுச்சீட்டோ கொடுக்க முன்னர் 1989க்கு அழைத்து விசாரியுங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் பிள்ளைக்கு 1929 என்ற இலக்கம் மனப்பாடமா?
2. பயணத்தில் பயம் வந்தால் நடத்துநரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரியுமா?
3. நம் தோட்டத்து முச்சக்கரவண்டிக்காரரிடம் இதைப் பற்றி யார் பேசப் போகிறோம்?