தனிமையும் மாணவர் மனநலமும்



முதலாமாண்டில் எங்கள் ஹாஸ்டல் அறையில் நான்கு பேர். ஜன்னலோரக் கட்டில்காரன் தமிழ் மீடியத்தில் படித்து, பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி வந்தவன். இங்கே இங்கிலீஷ் புத்தகங்களைப் பார்த்து மிரண்டு போனான். முதல் செமஸ்டரிலேயே மூன்று அரியர். பிறகு மெஸ்ஸுக்கு வருவது குறைந்தது. கேட்டால் "பசிக்கலடா" என்பான். நாங்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் பெட்டியோடு ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து "என்னடா ஆச்சு?" என்று கேட்க எங்கள் மூவரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. இக்கட்டுரை எழுத அதுவே காரணம்.

தனிமை என்பது என்ன?

தனியாக இருப்பது வேறு, தனிமை வேறு. நாம் விரும்பும் உறவுக்கும் கிடைக்கும் உறவுக்கும் உள்ள இடைவெளிதான் தனிமை. ஆகவே நூறு பேர் சாப்பிடும் மெஸ்ஸிலும் ஒருவன் தனிமையில் வாடலாம்.

ஆய்வுகள் கூறுவது

பிரான்ஸ் நாட்டுச் சமூகவியல் அறிஞர் எமில் துர்கைம், சமூகத்தோடு ஒட்டுதல் குறையும்போது தற்கொலை கூடுகிறது என்று 1897-லேயே எழுதினார். 2010-ல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர், 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று கண்டனர். மெஷினில் லீக்கேஜ் வந்தால் எர்த் ஒயர் காப்பாற்றுவதுபோல, மனிதனுக்கு நட்பு!

நாம் செய்யக்கூடியவை

1. தூக்கம், சாப்பாடு, வகுப்பு மூன்றிலும் ஒருவன் இரண்டு வாரமாக மாறிவிட்டால் கவனியுங்கள்.

2. அட்வைஸ் வேண்டாம். முதலில் காது கொடுங்கள்.

3. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். வார்டனிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். இதில் ரகசியம் காப்பது நட்பாகாது.

4. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் இலவச எண் 14416. தமிழிலும் பேசலாம்.

5. லேட்டரல் என்ட்ரியில் இரண்டாமாண்டு சேர்பவர்களை முதல் நாளே உங்கள் பெஞ்சுக்குக் கூப்பிடுங்கள். பழைய கூட்டத்துக்குள் நுழைவது அவர்களுக்குக் கஷ்டம்.

தனிமையில் இருப்பவர் நீங்களே என்றால், வாய்விட்டு ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம்!

இன்றிரவு மெஸ்ஸில் காலியாக இருக்கும் தட்டு யாருடையது என்று ஒருமுறை பாருங்கள், நண்பர்களே!