யோகர் சுவாமிகளும் நற்சிந்தனைப் பாடல்களும்

ஈழத்துச் சைவ வீடுகளிலே தேவாரத் திரட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் போற்றப்படும் நூல்களுள் ஒன்று நற்சிந்தனை. எமது ஆலயத்திலும் வெள்ளிக்கிழமைகளிற் பஞ்சபுராணம் ஓதியபின் அதிலிருந்து ஒரு பாடலாவது பாடுகின்றோம். ஆயினும் அந்நூல் எவ்வாறு நூலாயிற்று என்பதைப் பாடுவோரிற் பலர் அறியார். அதனைப் பாடிய யோகர் சுவாமிகள் 1872ஆம் ஆண்டு பிறந்தவர். நற்சிந்தனை திரட்டப்பெற்று நூலாக வெளிவந்தது 1959ஆம் ஆண்டில். அப்போது சுவாமிகள் எண்பத்தைந்து வயதைக் கடந்துவிட்டார்கள். இந்தத் தாமதத்தின் காரணத்தைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவாமிகள் மாவிட்டபுரத்திலே பிறந்தார்கள். பெற்றோர் இட்ட பெயர் சதாசிவன். இளமையிலே தாயாரை இழந்து கொழும்புத்துறையில் தந்தை வழி உறவினரிடம் வளர்ந்தார்கள். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிற் கற்றபின், நீர்ப்பாசனத் திணைக்களத்திலே கிளிநொச்சிப் பகுதியிற் களஞ்சியக் காப்பாளராகக் கடமையாற்றினார்கள். கிளிநொச்சி அக்காலத்திற் பெரும்பாலும் காடு. களஞ்சியக் காப்பாளரின் வேலை என்னவென்பது அரசாங்க உத்தியோகம் பார்த்த எம்போன்றோருக்குத் தெரியும். வந்ததற்கும் போனதற்கும் புத்தகத்தில் வரவு வைக்க வேண்டும். ஓர் ஆணி குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவு கணக்காக இருந்த ஒருவர் தாம் பாடிய பாடல்களுக்கு மாத்திரம் கணக்கு வைத்தாரல்லர்.

1905ஆம் ஆண்டளவில் நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகளைக் கண்டதே அவரது வாழ்வின் திருப்பமாகும். செல்லப்பா சுவாமிகளும் ஒரு காலத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியிலே வேலை பார்த்தவர்தான். (உத்தியோகத்தர்களுக்கு ஞானம் எட்டாது என்று பரிகசிப்போர் இதனைக் கவனிப்பாராக.) ஊரார் அவரைப் பித்தர் என்றனர். கிட்ட வந்தோரை அவர் ஏசித் துரத்துவார். யோகரையும் நீ யார் என்று அதட்டிக் கேட்டதாகவே அடியார்கள் சொல்லுவார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடியவர் உத்தியோகத்தையும் துறந்தார். குருவின் மறைவுக்குப் பின் கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தின் கீழ் வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்காக இருந்தார். பின்னர் அடியார்கள் அமைத்துக் கொடுத்த சிறு கொட்டிலே அவரது ஆச்சிரமமாயிற்று.

செல்லப்பா சுவாமிகள் நூலொன்றும் எழுதினாரல்லர். அவர் அடிக்கடி உரைத்த நான்கு மகாவாக்கியங்களே அவர் விட்டுச்சென்ற செல்வம். அவ்வாக்கியங்களைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாடியவையே யோகரின் பாடல்களிற் பெரும்பாலானவை. எந்தப் பாட்டை எடுத்தாலும் அதனுள்ளே நல்லூரோ, முருகனோ, தேரடியில் இருந்த குருநாதனோ வந்துவிடுவர். பதிகமும் உண்டு, கண்ணியும் உண்டு, பல்லவி அனுபல்லவியோடு பாடத்தக்கனவும் உண்டு. சொற்கள் பெரும்பாலும் எங்கள் வீட்டுச் சொற்கள். ஒரே கருத்து பல இடங்களில் மீண்டும் வருகின்றது. பண்டிதர்கள் இதனைக் குறையென்பர். அடியேன் அவ்வாறு கருதவில்லை. படிப்பறியாத ஒரு கிழவி ஒருமுறை கேட்டால் நினைவில் வைக்க வேண்டும் என்றே அப்பாடல்கள் அமைந்தன. செய்கின்ற தொழிலையே சிவதொண்டாகச் செய் என்பதும், தன்னைத் தான் அறி என்பதும் அடிக்கடி சொல்லப்பட வேண்டியவையே.

சுவாமிகள் இவற்றை அச்சுக்கென்று பாடவில்லை. அடியார் வீடு ஒன்றிற்குப் போவார். அங்கே திடீரெனப் பாடுவார். பக்கத்தில் இருப்பவர் கையில் அகப்பட்ட தாளில் எழுதிக்கொள்வார். எழுத ஆளில்லாத வேளையிற் பாடியவை காற்றோடு போயிருக்க வேண்டும். 1935ஆம் ஆண்டு தையிலே ‘சிவதொண்டன்’ என்னும் மாத இதழ் தொடங்கிய பின்னரே இப்பாடல்கள் ஒழுங்காக அச்சேறலாயின. அப்போது சுவாமிகளுக்கு வயது அறுபத்திரண்டு. 1953ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற் சிவதொண்டன் நிலையம் அமைந்தது. அதன்பின் ஆறு ஆண்டுகளில் நூல் வந்தது. 1964ஆம் ஆண்டு பங்குனி ஆயிலியத்திற் சுவாமிகள் சமாதியடைந்தார்கள். நூல் இன்னும் ஐந்தாறு ஆண்டு பிந்தியிருந்தால் அவர் காலத்தில் அதனைக் கண்டிருக்க முடியாது.

ஆகவே நற்சிந்தனைக்காக நாம் நன்றி சொல்லவேண்டியது சுவாமிகளுக்கு மாத்திரமன்று. தாளிலும் கொப்பியிலும் எழுதி, இருபது முப்பது வருடம் பெட்டியிற் பாதுகாத்த அந்த அடியார்களுக்குமாகும். அவர்களுட் பெரும்பாலானோரின் பெயர் நூலைப் படிக்கும் எமக்குத் தெரியாது.

இதனை எழுதும்போது அடியேனுக்கு வெட்கமான ஒரு நினைவு வருகின்றது. எமது ஆலயத்து மூர்த்தி மீது பதிகமும் ஊஞ்சற் பாட்டும் பாடிய பெரியவர் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் வாழ்ந்தார். தம் எழுபதாவது வயதுக்குப் பின்னரே அவர் பாடத் தொடங்கினார். பாடல்கள் ஒரேயொரு கொப்பியில் இருந்தன. “தம்பி, நீ கந்தோரில் எழுதுகிறவன்தானே, இதையும் ஒருக்கால் பிரதி பண்ணித் தாவன்” என்று இரண்டு முறை கேட்டார். திருவிழா முடியட்டும் ஐயா என்றேன். கந்தோரில் யாருடையதோ காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் மூன்று பிரதி எடுத்துக் கோவைப்படுத்திய கை இது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது எல்லோரும் கையில் அகப்பட்டதோடு புறப்பட்டோம். திரும்பி வந்தபோது அவர் வீட்டிற் கூரையும் இல்லை, கொப்பியும் இல்லை. அவர் தென்மராட்சியிலேயே காலமாகிவிட்டார். ஊஞ்சற் பாட்டில் நான்கு பாடல்கள் மட்டும் எமது ஓதுவாரின் நினைவில் இருந்தன. அவற்றையே இன்றும் திருவூஞ்சலிற் பாடுகின்றோம். பதிகத்தில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

அப்பெரியவர் தமது பாடல்களைச் சிலருக்குக் கடிதத்திலும் எழுதி அனுப்புவது வழக்கம். கொழும்பிலும் வெளிநாடுகளிலும் வாழும் எமது ஊரவர்களின் பழைய பெட்டிகளில் அக்கடிதங்கள் எங்கேனும் இருக்கலாம். கைவசம் வைத்திருப்போர் மூலத்தைத் தாமே வைத்துக்கொண்டு போட்டோப் பிரதியொன்றை ஆலயப் பரிபாலன சபைக்கு அனுப்பிவைக்குமாறு பணிவன்புடன் வேண்டுகின்றேன். ஓதுவாரின் நினைவில் உள்ள நான்கு பாடல்களையும் இம்மலரின் இறுதிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கின்றோம். அவற்றிற் பிழையிருப்பின் அறிந்தவர்கள் திருத்தி உதவுக.