மூவண்ணக் கயிறும் பாடாத பையனும்

கேள்வி:

வக்கீல் ஐயா, எனக்கு இருக்கன்குடி. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறேன். என் மகன் சாத்தூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். சுதந்திர தினத்தன்று கையில் மூவண்ணக் கயிறு கட்டி, கன்னத்தில் கொடி வரைந்துகொண்டு போனான். அவன் வகுப்பில் ஒரு பையன் தேசிய கீதம் பாட மாட்டானாம். வேதக்காரர்கள், அதிலும் தனிப் பிரிவாம். சும்மா நிற்பானாம். விழா முடிந்ததும் என் மகனும் இன்னும் நாலு பேரும் அவனைச் சுற்றி நின்று, கொடியை அவன் மூஞ்சிக்கு நேரே ஆட்டி, 'ஜெய்ஹிந்த் சொல்லுடா' என்று கத்தியிருக்கிறார்கள். மறுநாள் வாத்தியார் எல்லார் முன்னாலும் கயிற்றைக் கத்தரியால் வெட்டிப் போட்டு, நாள் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார். டி.சி. கொடுத்துவிடுவோம் என்றும் சொல்கிறார்கள். நாட்டுப்பற்று தப்பா ஐயா? பாடாதவனை விட்டுவிட்டுக் கொடி பிடித்தவனைத் தண்டிப்பது என்ன நியாயம்?

– ஒரு தாய், இருக்கன்குடி

பதில்:

கயிறு கட்டியது குற்றமில்லை அம்மா. வளைத்து நின்று கத்தியதுதான் தப்பு. பள்ளி இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது. உங்கள் கடிதத்திலும் அந்தக் குழப்பம் கொஞ்சம் இருக்கிறது.

பாடாத பையனிடமிருந்து தொடங்குகிறேன். கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்துக் கிடங்கூரில் 1985இல் ஏறக்குறைய இதே சங்கதி நடந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் அங்கே 10, 9, 5ஆம் வகுப்புகளில் படித்தார்கள். காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது எல்லாரோடும் எழுந்து நிற்பார்கள். வாய் மட்டும் திறக்க மாட்டார்கள். அவர்களுடைய அக்காமார்களும் அதே பள்ளியில் அப்படி நின்றவர்கள்தான். யாருக்கும் அது உறுத்தவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டதும் சபையில் கேள்வி எழுந்தது, விசாரணை வந்தது. பிள்ளைகள் மரியாதைக் குறைவாக எதுவும் செய்யவில்லை என்று விசாரணை அறிக்கையே சொன்னது. ஆனாலும் ஜூலை 26 அன்று மூவரையும் நீக்கினார்கள். கேரள உயர் நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் ஆகியோர் 1986 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்து, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்பார்கள். கீதத்தைப் பாடியே தீரவேண்டும் என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. எழுந்து நின்றாலே மரியாதை செலுத்தியதாகிவிடும். பேசும் உரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும். தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம், கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும்தான் தண்டிக்கிறது. அந்தச் சட்டமன்ற உறுப்பினரை தேசபக்தி மிகுந்த கனவான் என்று சின்னப்ப ரெட்டி குறிப்பிடும் இடத்தில் உள்ள குத்தல் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆகவே, உங்கள் மகனின் வகுப்புப் பையன் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை. அவனை 'விட்டுவிட்டார்கள்' என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

இனி உங்கள் மகன். கொடியை ஏந்துவதும் கருத்துரிமைதான். தன் தொழிற்சாலையில் கொடியேற்றவிடாமல் தடுத்ததை எதிர்த்து நவீன் ஜிண்டால் போட்ட வழக்கில், மரியாதையோடு கொடியேற்றுவது குடிமகனின் உரிமை என்று 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கும் வரம்புகள் உண்டு. கொடியை இடுப்புக்குக் கீழே அணியக்கூடாது, கைக்குட்டையில் அச்சிடக்கூடாது, அதன்மேல் எழுதக்கூடாது. மூன்று நிற நூல் சுற்றிய கயிறு இதில் எதிலும் சிக்காது.

ஆனால் வாத்தியார் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. நம் தென் மாவட்டங்களில் கையில் கட்டும் கயிறு எந்த நிறம், யாருடைய நிறம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சாதிக்கொரு நிறத்தில் பிள்ளைகள் கயிறு கட்டி வருவது பற்றி 2019லேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. உங்கள் பள்ளி எல்லா நிறக் கயிற்றையும் தடை செய்திருந்தால், மூவண்ணத்துக்கு மட்டும் விலக்குக் கேட்க முடியாது. 'கழற்று' என்று சொல்ல வாத்தியாருக்கு அதிகாரம் உண்டு. கூட்டத்தில் வைத்துக் கத்தரியால் வெட்ட இல்லை.

'கொடியைப் பார்த்தால் அவனுக்கு ஏன் எரிய வேண்டும்' என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். அமெரிக்காவிலும் இதைக் கேட்டார்கள். கலிபோர்னியாவின் லைவ் ஓக் பள்ளியில் 2010 மே 5, மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் கொண்டாடும் நாள். சில பையன்கள் அமெரிக்கக் கொடி போட்ட பனியனோடு வந்தார்கள். முந்தைய வருடம் அதே நாளில் தகராறு ஆகியிருந்ததால், பனியனை உள்வெளியாகத் திருப்பிப் போடு, இல்லையேல் வீட்டுக்குப் போ என்றது பள்ளி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் பள்ளி பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அடிக்க வருகிறவனைத் தடுக்காமல் சட்டை போட்டவனை வீட்டுக்கு அனுப்பினால், நாளைக்கு மிரட்டத் தெரிந்தவன் வைத்ததே சட்டமாகிவிடும். நம் உச்ச நீதிமன்றம் 1989இல், 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தை எதிர்த்த வழக்கில், இதைத் தெளிவாகவே சொன்னது. கலவரம் வரும் என்று பயந்து ஒரு கருத்தை அடக்கக்கூடாது. வெடிமருந்துக் குவியலில் விழும் பொறி போல, பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையே இடைவெளியே இல்லாதபோதுதான் தடுக்கலாம் என்றது. சாத்தூர்க்காரருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். உங்கள் மகனின் கயிறு அந்தப் பொறி இல்லை. கன்னத்துக் கொடியும் இல்லை. ஐந்து பேர் ஒருவனை வளைத்துக்கொண்டு, அவன் மதம் வேண்டாம் என்று சொல்வதைச் சொல்லச் சொன்னார்களே, அதுதான் பொறி. கையில் கொடிக்குப் பதில் கட்சிக் கொடியோ நடிகர் படமோ இருந்திருந்தாலும் அது தப்புதான். தண்டனை அதற்குத்தான் கிடைக்க வேண்டும்.

தண்டனை என்றாலும் அதற்கும் அளவு உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையை மட்டுமல்ல, மனதை வதைப்பதையும் தடை செய்கிறது. நாள் முழுக்க வெளியே நிறுத்தியது அதில் வரும். 16ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் மகனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போய்வாருங்கள். வாத்தியார் மேல் புகார் எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பிறகு தலைமையாசிரியருக்கு நடந்ததைத் தேதியோடு எழுதி, உங்கள் பிள்ளை செய்ததையும் மறைக்காமல் சேர்த்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள்தான் அதிகம். அங்கே பேசினாலே பாதி தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு அதே மனுவை அனுப்புங்கள். நீக்க முடியாது என்பது பள்ளிக்கும் தெரியும். அதனால் டி.சி. வேண்டும் என்று நீங்களே கேட்டதுபோல ஒரு தாளை நீட்டக்கூடும். அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.